முதலில் கொப்பியைப் பாருங்கள்: வன்னியில் வெப், தன்னியக்க வேலை தொடங்குவோருக்கு

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்பு, மல்லாவி, நெடுங்கேணி என்று எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் ஒரு ஹாட்வெயார் கடை இருக்கும், ஒரு ரியூசன் சென்ரர் இருக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு கலியாண மண்டபமும், நெல் வெட்டுமெசின் வாடகைக்கு விடும் ஒரு வீடும் இருக்கும். இவர்களில் அனேகம் பேரிடம் வெப்சைட் இல்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரு கொப்பி இருக்கிறது. பதிவு, கடன், முற்பணம், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதற்குள்தான். ஒரே நாளுக்கு இரண்டு வீட்டாருக்கு மண்டபம் கொடுபடுவதும், ரியூசன் காசு கட்டிய பிள்ளையிடம் திரும்பவும் காசு கேட்பதும் அந்தக் கொப்பியில் நடக்கும் பிழைகளால்தான். வெப்சைட் செய்வதும், கொப்பி வேலையைக் கணினி தானாகச் செய்ய வைப்பதும் (தன்னியக்கம்) உங்கள் தொழிலென்றால், அது அங்கேதான் தொடங்குகிறது.

“வெப்சைட் செய்து தரட்டுமா?” என்று கேட்டுக் கடை கடையாக ஏறினால் “இப்ப வேண்டாம் தம்பி” என்பதுதான் பதிலாக வரும். அவர் சொல்வது சரியும்கூட. கொப்பியில் அவருக்குத் தலையிடி தருகிற ஒரு விசயத்தைத் தீர்த்துக் கொடுத்தால், அவரே நாலு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்வார். வன்னியில் விளம்பரம் அப்படித்தான் பரவும்.

தொடங்குமுன்

8 ஜிபி நினைவகம் உள்ள ஒரு மடிக்கணினி போதும், பழையதென்றாலும் பரவாயில்லை. இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். ஏ9 வீதியோரம் நன்றாக வேலை செய்கிற இணைப்பு, உள்ளே நாலு கட்டை போனதும் ஒற்றைக் கோடாகிவிடும். ஒன்று விழுந்தால் மற்றதில் வேலை ஓட வேண்டும். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். கரண்ட் நின்றாலும் மடிக்கணினியின் பற்றரி தாங்கும், ரவுட்டர் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி தொடங்கும்போது ரவுட்டரையும் சார்ஜரையும் கழற்றி வையுங்கள்.

எச்ரிஎம்எல், சிஎஸ்எஸ், ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட், கூகிள் ஷீட், அதற்குள் ஓடும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ஆகியவை தெரிந்திருந்தால் முதல் பத்து வேலைகளையும் செய்யலாம். ரியாக்ட், செர்வர், டேற்றாபேஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம். வேர்ட்பிரஸ்ஸை முதல் ஆண்டில் தவிர்ப்பது நல்லது. அதில் சேர்க்கும் துணை மென்பொருட்களான பிளகின்களை யாராவது மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத தளம் ஊடுருவப்படலாம், அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும்.

முதல் சந்திப்பு

கடையில் சனம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

“தம்பி, ஒரு வெப்சைட் செய்ய எவ்வளவு முடியும்?”

“அண்ணை, அதைப் பிறகு சொல்லுறன். உங்கட புக்கிங் கொப்பியை ஒருக்காப் பாக்கலாமோ?”

கொப்பி கைக்கு வந்ததும் அடித்து எழுதியிருக்கும் இடங்களைத் தேடுங்கள். ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதியது, வட்டம் போட்டது, “காசு தரேல்லை” என்று கிறுக்கியது எல்லாம் உங்களுக்கு வேண்டிய தகவல்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு நாளில் ஒரே கேள்விக்கு எத்தனை தடவை போனில் பதில் சொல்கிறீர்கள்? போன மாதம் எந்தப் பிழையால் காசு போனது? நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் இந்தக் கொப்பியை யார் பார்ப்பார்? மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் செய்து கொடுப்பதை நாளாந்தம் பாவிக்கப் போகிறவர் அந்த ஆள்தான். அவரிடம் இருக்கும் போன் எது, தமிழில் தட்டச்சு செய்வாரா, குரலில் சொல்லித்தான் எழுதுவாரா என்று அங்கேயே பார்த்துக் குறித்து வையுங்கள்.

அரை நாளில் முடியும் முதல் வேலை

கூகிள் மப்பில் கடையைச் சேர்ப்பதும் வட்ஸ்அப் பிஸ்னஸை ஒழுங்காக்குவதும்தான் புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கச் சிறந்த முதல் வேலை. செலவில்லை, பலனும் உடனே தெரியும். கொழும்பில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ வருகிறவர் சந்தியில் நின்று வழி கேட்பது குறையும்.

மப்புக்கு, வாடிக்கையாளரின் சொந்த ஜிமெயிலில் கூகிள் வணிகக் கணக்கைத் திறந்து, உங்களை முகாமையாளராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகையில் உள்ள பெயரை அப்படியே கொடுக்க வேண்டும். “கிளிநொச்சியில் சிறந்த சீமெந்துக் கடை” என்று வால் சேர்த்தால் பதிவு இடைநிறுத்தப்படலாம். பல ஒழுங்கைகளுக்கு மப்பில் பெயரே இல்லாததால் முகவரியை நம்ப வேண்டாம். கடை வாசலில் நின்று ஊசியை நீங்களே கையால் வையுங்கள். உறுதிப்படுத்தக் கூகிள் காணொளி கேட்டால் வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: வீதி, பெயர்ப் பலகை, பிறகு உரிமையாளர் கதவைத் திறந்தோ லாச்சியைத் திறந்தோ காட்டுவது. சிக்னல் குறைந்த இடத்தில் காணொளி ஏறாமல் பாதியில் நிற்கும். காலை வேளையில் முயலுங்கள்.

வட்ஸ்அப் பிஸ்னஸில் திறக்கும் நேரம், பொருள் பட்டியல், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு விரைவுப் பதில்கள் ஆகியவற்றைப் போட்டுக் கொடுங்கள். தானாகச் செய்தி அனுப்பும் அனுமதியில்லாத மென்பொருட்களை வாடிக்கையாளரின் இலக்கத்தில் ஒருபோதும் பூட்டாதீர்கள். அந்த இலக்கம் தடைபட்டால், பத்து வருடமாகச் சனம் மனப்பாடமாக வைத்திருக்கும் இலக்கம் போய்விடும். தானாகச் செய்தி அனுப்ப வட்ஸ்அப்பின் உத்தியோகபூர்வ வணிக இணைப்பு (API) இருக்கிறது. கடைக்குச் செய்தி அனுப்பியவர் கடைசியாக எழுதிய நேரத்தில் இருந்து 24 மணித்தியாலத்துக்குள்தான் அதில் சுதந்திரமாகப் பதில் எழுதலாம். அது கடந்தால் முன்கூட்டி அனுமதி பெற்ற மாதிரிச் செய்திகளை மட்டுமே அனுப்பலாம். சின்னக் கடைக்கு அது தேவைப்படாது.

ஒற்றைப் பக்கத் தளம்

பெயர், என்ன விற்கிறோம், எங்கே, எப்போது திறப்பு, அழைக்க ஒரு பொத்தான், வட்ஸ்அப்புக்கு ஒரு பொத்தான், ஐந்து நல்ல படங்கள். முதல் தளத்தில் இவை இருந்தால் போதும். தளங்களை இணையத்தில் வைத்திருக்கும் சேவையான கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இலவசமாக ஏற்றலாம். அதே மாதிரிச் சேவையான வேர்செலின் இலவசத் திட்டம் வணிகப் பாவனைக்கு உரியதல்ல என்பது அதன் விதியிலேயே உண்டு, அதில் ஏற்றாதீர்கள். டொட் எல்கே (.lk) என்று முடியும் தளப் பெயரை (டொமைன்) எல்கே டொமைன் பதிவகத்தில் வாடிக்கையாளரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதியுங்கள். உங்கள் பெயரில் பதிந்தால், நாளைக்கு நீங்கள் வெளிநாடு போனாலோ மனக்கசப்பு வந்தாலோ அவருடைய கடைப் பெயர் உங்களிடம் மாட்டிக்கொண்டிருக்கும்.

போனில் எடுத்த படம் ஒன்றே 4 மெகாபைட் இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து வெப்பி (WebP) வடிவில் சேமித்தால் அனேகமாக 150 கிலோபைட்டுக்குள் வரும். முழுப் பக்கமும் 1 மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் கடையில் வேலை செய்யும் பெடியனின் போனில் திறந்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் வேகமாகத் திறப்பது ஒரு கணக்கே இல்லை.

அழைப்புப் பொத்தானில் இலக்கம் +94 என்று தொடங்க வேண்டும். வட்ஸ்அப் தொடுப்பில் (wa.me) கூட்டல் குறியும் வரக்கூடாது, முதல் பூச்சியமும் வரக்கூடாது. 94க்குப் பிறகு நேரே 77 அல்லது 76 என்று எழுதுங்கள். புதிதாகத் தொடங்குவோர் அதிகம் விடும் பிழை இது.

இன்னொன்று பாமினி. எங்கள் பக்கத்தில் அச்சகங்களும் பாடசாலைகளும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் நோட்டீஸ் அடிக்கின்றன. அந்தக் கோப்பில் இருந்து எடுத்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். பாமினியில் தமிழ் என்பது வெறும் தோற்றம், உள்ளே இருப்பவை ஆங்கிலக் குறியீடுகள். ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் வாசியுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதுவும் சேர்ந்து தமிழாகிச் சிதைந்திருக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. வரி இடைவெளியை 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். குறைந்தால் மேல்வரியின் ‘ழு’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்.

மண்டபக் கொப்பியை ஷீட்டுக்கு மாற்றுவது

தன்னியக்க வேலைக்கு நல்ல முதல் உதாரணம் கலியாண மண்டபம். தை, ஆனி, ஆவணி முகூர்த்த நாட்களுக்கு மாதக்கணக்கில் முன்பே ஆட்கள் கேட்பார்கள். ஒரே நாளை மூன்று வீட்டார் கேட்பதும் நடக்கும். ஒருவருக்கு “பாத்துச் சொல்லுறன்” என்று சொல்லிவிட்டு, கொப்பியில் எழுதாமல், மற்றவரிடம் முற்பணம் வாங்கிவிடுவது வழமையான விபத்து.

இதற்கு இரண்டு ஷீட் வேண்டும். ஒன்றில், மண்டபம் கேட்பவர்கள் நிரப்பும் கூகிள் படிவத்தின் பதில்கள் தாமாக வந்து விழும். அதைப் பூட்டி வையுங்கள், யாரும் கை வைக்கக் கூடாது. மற்றது வேலை ஷீட், நாள் வெறுமையா என்று பார்த்து ஸ்கிரிப்ட் பதிவை எழுதுவது இதில்தான். அதில் திகதி, பகலா இரவா, பெயர், தொலைபேசி, நிலை, முற்பணம், பிடிப்பு முடியும் திகதி என்று ஏழு நிரல்கள். நிலைக்கு மூன்றே சொற்கள்: விசாரணை, பிடிப்பு, உறுதி. முற்பணம் வந்தால்தான் உறுதி. பிடிப்பு என்பது முற்பணம் வரும்வரை திகதியை ஒதுக்கி வைப்பது, அது மூன்று நாளைக்கு. மூன்றாம் நாள் தாண்டியதும் ஸ்கிரிப்ட் அதைத் திரும்ப விசாரணையாக மாற்றி, முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடும்.

இனி, இது எங்கெங்கே உடையும் என்று பார்ப்போம்.

திகதி ஒருநாள் பின்னால் போகும். ஷீட்டின் நேர வலயம் ஒன்றாகவும் ஸ்கிரிப்டின் நேர வலயம் வேறாகவும் இருந்தால் 15ஆம் திகதி 14 ஆகிவிடும். கொழும்பில் நள்ளிரவு 12 மணி ஆகும்போது கிறீனிச்சில் முதல்நாள் பின்னேரம் 6.30. அந்த ஐந்தரை மணித்தியாலம்தான் நாளை மாற்றுகிறது. ஷீட் அமைப்பிலும் ஸ்கிரிப்ட் அமைப்பிலும், இரண்டிலுமே, கொழும்பு நேரத்தைப் போடுங்கள். திகதிகளை ஒப்பிடும்போது ஆண்டு-மாதம்-நாள் என்ற எழுத்து வடிவுக்கு மாற்றி ஒப்பிடுங்கள். ஷீட் அமைப்பில் இடம் (locale) அமெரிக்கா என்றிருந்தால், ஜூன் 5 என்று நினைத்து எழுதும் 5/6 மே 6 ஆகிவிடும். ஒரு கலியாண வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய பிழை என்று சொல்லத் தேவையில்லை.

தொலைபேசி இலக்கத்தின் முதல் பூச்சியம் காணாமல் போகும். ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொள்வதுதான் காரணம். அந்த நிரலை முதலே சாதாரண எழுத்து வடிவமாக மாற்றி வையுங்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் படிவம் அனுப்பினால் ஸ்கிரிப்டின் இரண்டு ஓட்டங்களும் “நாள் வெறுமையாக இருக்கிறது” என்று பார்த்து, இரண்டும் எழுதிவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் விடும் பூட்டாக, ஆப்ஸ் ஸ்கிரிப்டில் லொக் சேர்விஸ் (LockService) இருப்பது இதற்குத்தான். 30 செக்கன் வரை காத்திருக்கச் சொல்லிப் பூட்டைப் பிடித்து, அதன் பிறகே நாளைச் சரிபாருங்கள். சரிபார்த்துவிட்டுப் பூட்டினால் பிரயோசனம் இல்லை.

யாராவது நடுவில் ஒரு நிரல் சேர்ப்பார்கள். “சாப்பாடு எத்தனை பேருக்கு” என்று முகாமையாளர் ஆசையோடு ஒரு நிரல் போட்டதும், ஐந்தாம் நிரலை வாசிக்கிற ஸ்கிரிப்ட் தொலைபேசி இலக்கத்தை நிலை என்று நினைக்கும். நிரல் இலக்கத்தை வைத்து எழுதாமல், தலைப்பு வரியை வாசித்து “நிலை” என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடி எழுதுங்கள்.

ஸ்கிரிப்டைத் தானாக ஓடவைக்கும் தூண்டி (trigger) யாருடைய கணக்கில் நிறுவப்பட்டதோ அந்தக் கணக்கின் அனுமதியில்தான் ஓடும். உங்கள் கணக்கில் நிறுவினால் பிழை மின்னஞ்சல் உங்களுக்கு வரும். நீங்கள் விலகியதும் எல்லாம் சத்தமில்லாமல் நின்றுவிடும். மண்டபத்தின் கணக்கில் உள்நுழைந்து நிறுவுங்கள். மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால் எளிய தூண்டி போதாது, நிறுவப்பட்ட தூண்டி வேண்டும். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்கும், ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடமும்தான் எல்லை. மண்டபத்துக்கு அது தாராளம். ஆயிரம் பெற்றோருக்கு அனுப்ப நினைக்கும் ரியூசன் சென்ரருக்குப் போதாது.

வங்கிச் சிட்டையைப் படிவத்திலேயே ஏற்றச் சொல்லாதீர்கள். கோப்பு ஏற்றும் கேள்வி இருந்தால் நிரப்புகிறவர் கூகிள் கணக்கில் உள்நுழைய வேண்டும். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். சிட்டை வட்ஸ்அப்பில் வரட்டும், முகாமையாளர் பார்த்து நிலையை மாற்றட்டும். பதில் செய்தியை மட்டும் ஷீட் ஆயத்தமாக்கிக் கொடுக்கலாம். வட்ஸ்அப் தொடுப்போடு செய்தியைச் சேர்த்து எட்டாவது நிரலில் வைத்தால், முகாமையாளர் தொட்டதும் வட்ஸ்அப் திறந்து செய்தி எழுதியபடி நிற்கும். அவர் அனுப்பு என்று அழுத்தினால் சரி. தமிழ்ச் செய்தியைத் தொடுப்புக்குரிய குறியீடாக மாற்றும் ஷீட் வாய்ப்பாட்டுக்குள் (ENCODEURL) போட மறக்க வேண்டாம். மறந்தால் முதல் இடைவெளியோடு செய்தி அறுந்துவிடலாம். காசும் இல்லை, தடையும் வராது. இதுவே எங்களுக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

தமிழில் செய்தி, தமிழில் சிட்டை

குறுஞ்செய்தி அனுப்புவதென்றால் எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ் எழுத்து ஒன்று கலந்தாலே முழுச் செய்தியும் ஒருங்குறிக்கு மாறி எல்லை 70 ஆகிவிடும். இரண்டாவது செய்தியாக நீண்டால் ஒவ்வொன்றிலும் 67தான். அதிலும் ‘கி’ ஒன்றல்ல, இரண்டு. ‘ம்’ என்பதும் இரண்டு. “முற்பணம் கிடைத்தது. நன்றி.” என்பது இடைவெளி, புள்ளியோடு கண்ணுக்கு 17, கணக்குக்கு 26. மாதம் 500 செய்தி என்று விலை சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டி வரும்.

சின்னச் சிட்டை அச்சுப் பொறிகள் எழுத்தாகக் கொடுத்த தமிழைப் பெரும்பாலும் அச்சிடாது, கேள்விக்குறி வரும். சிட்டையைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீற்றர் தாளுக்கு 384 புள்ளி அகலம், 80 மில்லிமீற்றருக்கு 576. பிடிஎஃப் செய்யும்போதும் கவனம். சில ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள் ‘கொ’வின் கொம்பை இடம் மாற்றிப் போட்டுவிடும். கூகிள் டொக்கில் மாதிரி வைத்து அதிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் எழுத்து ஒழுங்காக வரும்.

விலையும் காசும்

விலையை மணிக்கணக்கில் கட்டுங்கள். மேலே சொன்ன மண்டப வேலைக்குக் கேட்டு விளங்க 3 மணி, செய்ய 10, சோதிக்க 4, பழக்க 3 என்று 20 மணித்தியாலம் எடுக்கும் என்று வையுங்கள். உங்கள் மணிக்கூலி 1,200 ரூபா என்றால் 24,000. பயணச் செலவு தனி. கிளிநொச்சியில் இருப்பவர் ஒட்டுசுட்டானுக்கு மூன்று தரம் போய்வந்தால் ஒன்றரை நாள் வீதியிலேயே போய்விடும். அதைக் கணக்கில் எடுக்காமல் விலை சொல்பவர்கள் மூன்றாம் மாதம் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

தொடங்கும்போது 40 வீதம், பரீட்சார்த்தமாக ஓடத் தொடங்கியதும் 40, இரண்டு கிழமை பிழையில்லாமல் ஓடிய பிறகு 20. எங்கள் ஊரில் அனேகமாக எல்லோரும் சொந்தம், அல்லது தெரிஞ்ச ஆட்கள். “தம்பி, பிறகு தாறன்” என்பதை முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. அதனால்தான் ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும்: என்ன செய்கிறோம், என்ன செய்யவில்லை, எத்தனை திருத்தம் இலவசம், எந்தத் திகதியில் எவ்வளவு காசு. தாளைக் காட்டிக் கேட்பது மரியாதைக் குறைவாகப் படாது.

காலத்தையும் பாருங்கள். காலபோக அறுவடை மாசி, பங்குனியில் முடியும்வரை ஊரில் காசு இறுகியிருக்கும். ஹாட்வெயார், உரக்கடை எல்லாம் கடன் கொப்பியில்தான் ஓடும். அந்த மாதங்களில் கேட்டு விளங்குகிற வேலையைச் செய்து, கடைசித் தவணையை அறுவடைக்குப் பிறகு வையுங்கள். வெட்டுமெசின்காரருக்கு அறுவடைக்கு ஒரு மாதம் முன்னரே முடித்துக் கொடுக்க வேண்டும். மெசின் வயலில் இறங்கிய பிறகு அவர் உங்களோடு பேசவே மாட்டார். மண்டபத்துக்கு ஏற்றது ஆடி மாதம். கலியாணம் இல்லாததால் முகாமையாளருக்கு உங்களோடு இருந்து பழக நேரம் இருக்கும்.

தொடர்ந்து செய்வதென்று முடிவெடுத்தால் உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறவுங்கள். தேவையான பத்திரங்களை முதலில் கிராம அலுவலரிடம் கேட்டால் ஒரு நடை மிச்சம். கூட்டுறவுச் சங்கங்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் பதிவுள்ளவருக்கே காசோலை எழுதும்.

அடுத்தவரின் தகவல் உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் உண்டு. அடையாள அட்டைப் படம் தேவையில்லையென்றால் வாங்காதீர்கள். ரியூசன் பிள்ளைகளின் இலக்கங்கள் உள்ள ஷீட்டை “தொடுப்பு உள்ள எவரும் பார்க்கலாம்” என்று திறந்து விடாதீர்கள். தகப்பனோ தாயோ இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் இங்கே பலர். படிவத்தில் “தந்தை பெயர்” என்று கட்டாயக் கேள்வி வைக்காமல் “பொறுப்பாளர்” என்று வையுங்கள்.

ஒப்படைப்பு

கொப்பியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல வேண்டாம். இரண்டு கிழமைக்குக் கொப்பியும் ஷீட்டும் சேர்ந்து ஓடட்டும். ஒவ்வொரு பின்னேரமும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளுக்குக் காரணம் எழுதுங்கள். சேராத வரிகள்தான் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விகள்.

எல்லாக் கணக்கின் பெயரும், டொமைன் புதுப்பிக்கும் திகதியும், ஸ்கிரிப்ட் நின்றால் என்ன செய்வதென்பதும் ஒரு தாளில் தமிழில் எழுதி லமினேற் பண்ணிக் கொடுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுதாமல் உரிமையாளரிடம் மூடிய கடிதவுறையில் கொடுங்கள். இரண்டு படிச் சரிபார்ப்புக் குறி அவருடைய இலக்கத்துக்கு வர வேண்டும். பராமரிப்புக்கு மாதம் இரண்டு மணித்தியாலக் கூலி பேசி, மாதத்தின் முதற்கிழமையில் படிவத்தை நீங்களே ஒருமுறை நிரப்பிச் சோதித்து, ஷீட்டின் பிரதியை இறக்கி வாடிக்கையாளரின் பென்டிரைவில் போடுங்கள்.

கடைசி நாளில் முகாமையாளரின் போனை நீங்கள் தொடாதீர்கள். ஒரு புதுப் பதிவு போடுவது, பிடிப்பை உறுதியாக்குவது, ஒரு நாளை இரத்துச் செய்வது ஆகிய மூன்றையும் அவரே செய்யட்டும். எங்கே அவருடைய விரல் தயங்குகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அந்தச் சொல்லையோ நிறத்தையோ மாற்றிவிட்டு, அடுத்த கிழமை திரும்பப் போய் அதே மூன்றையும் செய்யச் சொல்லுங்கள். தயங்காமல் செய்தாரென்றால் கடைசி 20 வீதத்துக்குப் பில் கொடுக்கலாம்.